சமச்சீர் என்றொரு சொல்: பொதுசனத் தொடர்பின் கோட்பாடும் நடைமுறையும்

2009 மே மாதத்திற்குப் பின் நமது கூட்டங்களில் ஒரு வாதம் அலுக்காமல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. 'நியாயம் நமது பக்கம் இருந்தது, ஆனால் நமக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. அவர்களுக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. காசு கொடுத்து வெள்ளைக்காரக் கொம்பனிகளை வைத்திருந்தார்கள்.' இதைச் சொல்பவர்களில் இயக்க ஆதரவாளர்களும் உண்டு, இயக்கத்தை வாழ்நாள் முழுக்க விமர்சித்தவர்களும் உண்டு. வேறெதிலும் ஒத்துப்போகாத இவ்விரு தரப்பாரும் ஒத்துப்போகும் அபூர்வமான இடங்களில் இதுவும் ஒன்று. அடுத்ததாக ஒரு ஆலோசனையும் வரும். நமது இளைய தலைமுறையில் சிலர் பல்கலைக்கழகங்களில் பொதுசனத் தொடர்பைப் பாடமாகப் படித்திருக்கிறார்கள், பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்துத் துறைசார்ந்த அறிவோடு இனிக் காரியம் பார்க்க வேண்டும் என்பதே அது.

எனக்குச் சங்கடம் இங்குதான் தொடங்குகிறது. நாம் இவ்வளவு மரியாதையோடு குறிப்பிடும் அந்தத் 'துறைசார்ந்த அறிவு' என்ன? அதன் கோட்பாடு என்ன சொல்கிறது, நடைமுறை என்ன செய்திருக்கிறது? 'சித்தாந்தமும் நடைமுறையும்' என்ற தலைப்பில் நம்மில் பலர் இருபது வருடங்களாவது செலவழித்தவர்கள். இயக்கங்களின் வேலைத்திட்டங்களை வரிவரியாகப் பிரித்து, சொன்னதையும் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள். அதே கண்ணை இந்தத் துறையின் பக்கம் நாம் அதிகம் திருப்பியதில்லை. தமிழ்நாட்டில் 'மக்கள் தொடர்பு' என்கிறார்கள், நாம் 'பொதுசனத் தொடர்பு' என்கிறோம். இரண்டிலும் உள்ள 'தொடர்பு' என்ற சொல், இரு பக்கமும் ஆட்கள் போய்வருகிற ஒரு ஒழுங்கை போன்ற தோற்றத்தைத் தந்துவிடுகிறது.

இன்று பல நாடுகளில் இத்துறை மாணவர்கள் தொடக்கத்திலேயே சந்திக்கும் கோட்பாடு அமெரிக்காவின் மேரிலண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் குருனிக்கினுடையது. 1984இல் டொட் ஹன்ட் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய பாடநூல் பொதுசனத் தொடர்பை நான்கு மாதிரிகளாக வகுத்தது. முதலாவது, உண்மை பொய் பற்றிக் கவலைப்படாத வெறும் விளம்பரத் தரகு. சர்க்கஸ் முதலாளி பி. ரி. பார்னம் அதன் முன்னோடி. இரண்டாவது, சரியான தகவலை ஒருவழியாகக் கொடுப்பது. அதற்கு முன்னோடி ஐவி லீ. மூன்றாவது, மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆய்வு செய்து, அந்த அறிவைக் கொண்டே அவர்களைத் தன் பக்கம் இழுப்பது. இது 'இருவழிச் சமச்சீரற்ற' மாதிரி, முன்னோடி எட்வேர்ட் பெர்னேய்ஸ். நான்காவதுதான் இலட்சியம்: 'இருவழிச் சமச்சீர்'. இங்கே நிறுவனமும் மக்களும் ஒருவரோடொருவர் பேசுகிறார்கள், ஒருவரையொருவர் கேட்கிறார்கள். அதன் விளைவாக மக்கள் மட்டுமல்ல, நிறுவனமும் தன்னை மாற்றிக்கொள்கிறது.

வாசிப்பவருக்கு மனம் குளிரும். ஆனால் அந்த நூலில் இந்நான்கையும் விளக்கும் ஒரு அட்டவணை உண்டு. கோட்பாட்டின் மீதிப் பக்கங்கள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு அட்டவணை அதிகம் பேசுகிறது என்பேன். எத்தனை வீதமான நிறுவனங்கள் எந்த மாதிரியைப் பின்பற்றுகின்றன என்ற வரிசையில் 15, 50, 20, 15 என்று போட்டிருக்கிறார்கள். இவை அளந்து கண்ட எண்கள் அல்ல, நூலாசிரியர்களின் உத்தேச மதிப்பீடு. அவர்களே தாராளமாக மதிப்பிட்டும் இலட்சியத்திற்குக் கிடைத்தது நூற்றுக்குப் பதினைந்துதான். நான்காவது மாதிரியின் முன்னோடிகள் யார் என்ற கட்டத்திலோ மறுபடியும் பெர்னேய்ஸ், கூடவே 'கல்வியாளர்கள், தொழிற்றுறைத் தலைவர்கள்' என்று பொதுவாக. சமச்சீரற்றதற்கும் அவரே, சமச்சீருக்கும் அவரே! செய்துகாட்டிய புதிய ஆள் ஒருவரின் பெயர்கூட அகப்படாததால் கற்பிப்பவர்களையே முன்னோடிகளாக எழுத வேண்டியிருந்திருக்கிறது. இந்த மாதிரி இன்று எங்கே நடைமுறையில் உள்ளது என்ற கட்டத்தில் காண்பது 'ஒழுங்குபடுத்தப்பட்ட வணிகம்'. அதாவது அரசின் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் இயங்க வேண்டிய தொழில்கள்.

இந்தக் கடைசிக் கட்டத்தை எழுதிவிட்டு நூலாசிரியர்கள் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். என் வாதம் முழுவதும் அந்தக் கட்டத்தில்தான் நிற்கிறது. சட்டம் கேட்கவைக்கும் இடத்தில் கொம்பனி கேட்கிறது. கோட்பாடு அந்தக் கேட்டலுக்குத் 'தொடர்பாடலின் உயர்ந்த வடிவம்' என்று பெயர் சூட்டுகிறது. வெளியே இருந்த பலம் செய்த வேலையை உள்ளே இருந்த பண்பு செய்ததாக எழுதிவிடுகிறது.

ஐவி லீயின் கதையைப் பார்ப்போம். 1906இல் பென்சில்வேனியாவின் நிலக்கரி முதலாளிகளுக்காக வேலை செய்தபோது அவர் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு கொள்கைப் பிரகடனத்தை அனுப்பினார். தன் அலுவலகம் இரகசியப் பணியகம் அல்ல, எல்லாம் வெளிப்படையாகவே நடக்கும், தரும் தகவல்கள் சரியானவையாக இருக்கும், சரிபார்க்க விரும்பும் ஆசிரியருக்கு மகிழ்ச்சியோடு உதவுவோம் என்பதே அதன் சாரம். இத்துறையின் முதல் கோட்பாட்டு ஆவணம் என்று இதைப் பாடநூல்கள் கொண்டாடுகின்றன.

எட்டு வருடங்கள் கழித்து, 1914 ஏப்பிரல் 20ஆம் திகதி, கொலராடோ மாநிலத்தின் லட்லோ என்ற இடத்தில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடார முகாமை மாநிலத் தேசியக் காவற்படை தாக்கி எரித்தது. ஒரு கூடாரத்தின் கீழே வெட்டியிருந்த குழிக்குள் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சுத்திணறி இறந்தார்கள். பதுங்குகுழிக்குள் குழந்தைகளோடு இருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வேலைநிறுத்தம் நடந்த கொம்பனிகளில் முதன்மையானது றொக்பெல்லர் குடும்பத்தின் ஆதிக்கத்தில் இருந்தது. நாடெங்கும் எழுந்த கோபத்தைச் சமாளிக்க இளைய றொக்பெல்லர் அழைத்த ஆள் ஐவி லீ.

லீ வேலைநிறுத்தத்தின் 'உண்மைகள்' என்ற பெயரில் தொடர்ச்சியான துண்டுப்பிரசுரங்களைத் தயாரித்து நாடெங்குமுள்ள பத்திரிகையாளர்களுக்கும் செல்வாக்குள்ளவர்களுக்கும் அனுப்பினார். அவற்றில் ஒன்று தொழிற்சங்கத் தலைவர்கள் பெற்ற பணத்தைப் பலமடங்கு ஊதிக் காட்டியது. ஒரு வருடத்துக்கான தொகையை ஒன்பது வாரச் சம்பளமாகப் போட்டிருந்தார்கள். 1915 ஜனவரியில் தொழில் உறவுகள் பற்றிய அமெரிக்க ஆணைக்குழுவின் முன் சாட்சியம் சொன்னபோது, தகவல்கள் கொம்பனித் தரப்பிலிருந்து வந்தவை, தான் அவற்றைச் சரிபார்க்கவில்லை என்பதை லீ ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எழுத்தாளர் அப்டன் சிங்கிளயர் அவருக்கு 'நச்சுக் கொடி' என்ற பொருளில் பட்டம் வைத்தார். குருனிக்கின் அட்டவணையில் 'உண்மையான தகவல்' மாதிரியின் முன்னோடியாக இன்றும் இருப்பவர் இதே மனிதர்தான்.

ஆனால் லட்லோ கதையில் என்னைக் கவர்வது பொய்யல்ல. பொய் சொன்னார்கள், பிடிபட்டார்கள், அது எல்லா இடத்திலும் நடப்பது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். 1915 செப்ரெம்பரில் றொக்பெல்லர் நேரே கொலராடோவுக்குப் போனார். சுரங்கத்துக்குள் இறங்கினார், தொழிலாளர்களோடு சாப்பிட்டார், அவர்களின் மனைவிமாரோடு நடனமாடினார். குறைகளைக் கேட்பதற்கு ஒரு திட்டமும் அறிவிக்கப்பட்டது. தொழிலாளர்கள் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள், நிர்வாகத்தோடு கூட்டுக் குழுக்களில் உட்காருவார்கள், பேசுவார்கள், கேட்கப்படுவார்கள். திட்டத்தை வகுத்தவர் பின்னாளில் கனடாவின் பிரதமரான மக்கன்சி கிங். கனடாவில் இருக்கும் நம்மவர்கள் 50 டொலர்த் தாளில் காணும் முகம்.

இது சமச்சீர் மாதிரியின் எல்லா இலட்சணங்களும் பொருந்திய திட்டம். ஒன்றைத் தவிர. தொழிலாளர்கள் கேட்டது தமது சுரங்கத் தொழிலாளர் சங்கத்துக்கு அங்கீகாரம். கிடைத்ததோ கொம்பனி அமைத்த, கொம்பனியின் கூரைக்குக் கீழ் உட்காரும் ஒரு பேரவை. வீடுகளும் வீதிகளும் ஓரளவு திருந்தின என்பதை மறுக்கவில்லை. ஆனால் எதைப் பற்றிப் பேசலாம், பேசி முடிந்தபின் யார் தீர்மானிப்பது என்ற இரண்டு விடயங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. இம்மாதிரியான கொம்பனிச் சங்கங்களைச் சட்டவிரோதமாக்கியது 1935இன் வாக்னர் சட்டம். அந்தச் சட்டம் எவருடைய தொடர்பாடல் திறமையாலும் வந்ததல்ல. பொருளாதார வீழ்ச்சியும் வேலைநிறுத்தங்களும் அரசியல் மாற்றமும் சேர்ந்து கொண்டுவந்தது.

பெர்னேய்ஸைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். பிராய்டின் மருமகன். 1928இல் தன் நூலொன்றுக்குப் 'பிரச்சாரம்' என்றே துணிந்து பெயர் வைத்தவர். மக்கள் திரளின் மனதை ஒரு சிறு கூட்டம் வழிநடத்துவது ஜனநாயகத்தின் தேவை என்று ஒளிக்காமல் எழுதினார். அடுத்த வருடமே, அமெரிக்கப் புகையிலைக் கொம்பனிக்காக நியூயோர்க் தெருவில் பெண்களைச் சிகரெட் பற்றவைத்து நடக்கச் செய்து, அதைப் பெண் விடுதலையாகக் காட்டினார். ஐம்பதுகளில் யுனைட்டட் புரூட் வாழைப்பழக் கொம்பனிக்காகக் குவாத்தமாலாவின் அர்பென்ஸ் அரசைக் கம்யூனிச அபாயமாக அமெரிக்கப் பத்திரிகைகளில் சித்திரித்தார். 1954இல் அந்த அரசு கவிழ்க்கப்பட்டது. கோட்பாடும் நடைமுறையும் ஒன்றாயிருந்தவர் இந்தத் துறையில் யாரென்று கேட்டால் நான் பெர்னேய்ஸைத்தான் காட்டுவேன். பிற்காலக் கல்வியாளர்களுக்கு அவர் ஒரு தர்மசங்கடமானதில் ஆச்சரியமில்லை.

'ஆய்வு செய், மக்களைக் கேள்' என்ற அறிவுரையைத் துறை பின்பற்றவில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். நன்றாகவே பின்பற்றியது. 1990 ஓகஸ்ற்றில் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது, 'சுதந்திர குவைத்துக்கான குடிமக்கள்' என்ற பெயரில் ஒரு அமைப்பு முளைத்தது. அதன் பணத்தில் பெரும்பகுதி குவைத் அரசினுடையது. அது அமர்த்திய ஹில் அன்ட் நோல்ட்டன் நிறுவனத்துக்கு ஒரு கோடி டொலருக்கு மேல் போனது. அந்த நிறுவனத்துக்காகக் கருத்துக்கணிப்பாளர்கள் அமெரிக்கர்களிடம் எந்தச் செய்தி உணர்ச்சியைத் தொடுகிறது என்று தொடர்ந்து சோதித்தார்கள். எண்ணெய் அல்ல, இறைமை அல்ல, கொடுமைகள்தான் தொடுகின்றன என்று கண்டார்கள். ஒக்ரோபர் 10ஆம் திகதி அமெரிக்கக் கொங்கிரஸ் உறுப்பினர்களின் மனித உரிமைக் குழுவொன்றின் முன், நயீரா என்ற பெயரில் பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி அழுதபடி சாட்சியம் சொன்னாள். ஈராக்கியப் படையினர் வைத்தியசாலையில் குழந்தைகளை இன்கியூபேட்டர்களிலிருந்து எடுத்துக் குளிர்ந்த தரையில் சாகவிட்டதாகச் சொன்னாள். அவள் வாஷிங்டனிலிருந்த குவைத் தூதுவரின் மகள் என்பது 1992 ஜனவரியில்தான் பகிரங்கமானது. அதற்குள் போர் நடந்து முடிந்து ஏறத்தாழ ஒரு வருடம். கதையை முதலில் ஏற்றுக்கொண்ட சர்வதேச மன்னிப்புச் சபை 1991இலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. குவைத்தில் ஈராக்கியப் படை செய்த உண்மையான கொடுமைகள் ஏராளம். அவை போதவில்லை என்று தீர்மானித்ததும் இந்த ஆய்வு முறைதான்.

இனி நமது விடயம். 2011 டிசெம்பரில், பிரித்தானியாவின் புலனாய்வுப் பத்திரிகையாளர்கள் சிலர் உஸ்பெகிஸ்தான் அரசின் முகவர்கள் போல வேடமிட்டு லண்டன் நிறுவனங்களை அணுகிய கதை வெளிவந்தது. அவற்றில் ஒன்று தட்சரின் விளம்பர ஆலோசகராயிருந்த ரிம் பெல்லின் பெல் பொட்டிஞ்சர். அதன் அதிகாரிகள் தம் திறமைக்குச் சான்றாகச் சொல்லிக்கொண்டவற்றில் ஒன்று, முந்தைய வருடம் மகிந்த ராஜபக்ச ஐ.நா. பொதுச்சபையில் ஆற்றிய உரையைத் தாங்களே எழுதிக்கொடுத்ததாக. 2010 செப்ரெம்பரின் அந்த உரையில், அரசல்லாத ஆயுதக் குழுக்களோடு நடக்கும் சமச்சீரற்ற மோதல்களைக் கருத்திற்கொண்டு சர்வதேச மனிதாபிமானச் சட்டத்தை மீள ஆராய வேண்டும் என்ற கருத்து இடம்பெற்றிருந்தது. 'சமச்சீரற்ற' என்ற சொல் இங்கே செய்யும் வேலையைக் கவனியுங்கள். முள்ளிவாய்க்காலில் சமச்சீர் இல்லாமற் போனதற்குப் பாதிக்கப்பட்ட தரப்பு அரசு!

அதே உரையாடலில் அவ்வதிகாரிகள் அந்தப் போலி உஸ்பெக்குகளிடம் இன்னொன்றையும் சொன்னார்கள். வெறும் பிரச்சாரம் பலிக்காது, அரசு உண்மையாகவே சீர்திருத்தங்களுக்குத் தயாராக இருப்பதைக் காட்ட வேண்டும் என்றார்கள். குருனிக் கேட்டால் எழுந்து கைதட்டியிருப்பார். ஆனால் அது ஒரு விற்பனை அறையில், தேடுபொறிகளில் கெட்ட செய்திகளைக் கீழே தள்ளும் வித்தைகளைப் பற்றிய பெருமிதங்களுக்கு நடுவே சொல்லப்பட்டது. நடைமுறைக்குக் கோட்பாடு எவ்வளவு தேவை, எதற்குத் தேவை என்பது அந்த அறையில் தெளிவாகிறது. வாடிக்கையாளரைக் கூச்சமின்றி உட்காரவைக்கும் நாற்காலி அது. இதே பெல் பொட்டிஞ்சர் தென்னாபிரிக்காவில் குப்தா சகோதரர்களுக்காக இனப் பகையைக் கிளறியதற்காக 2017 செப்ரெம்பரில் பிரித்தானியத் தொழில்சார் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டுச் சில நாட்களிலேயே சரிந்தது. அங்கே கொதித்தெழ ஒரு எதிர்க்கட்சி இருந்தது, தெருவில் ஆட்கள் இருந்தார்கள், விலகி ஓட வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

ஆனால் இதைச் சொல்லும்போதே நமது ஆரம்ப வாதம் ஆட்டம் காண்கிறது. உரை எழுதப்பட்டது 2010இல். மக்கள் கொல்லப்பட்டது 2009இல். கொலையைச் சாத்தியமாக்கியவை பீரங்கிகளும், அவற்றைக் கொடுத்த நாடுகளும், கண்ணை மூடிக்கொண்ட நாடுகளும். உரை பின்னால் வந்து கூட்டித் துடைத்தது. அதுவும் முழுதாக முடியவில்லை. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையும் சனல் 4 படமும் வந்தன, 2012 மார்ச்சில் மனித உரிமைப் பேரவையில் தீர்மானம் வந்தது. 2014இல் அதே அரசு அமெரிக்காவில் தன் பெயரைத் திருத்துவதற்கு இமாத் சுபேரி என்பவருக்கு 65 இலட்சம் டொலர் அனுப்பியது. அதில் 56 இலட்சத்துக்கு மேல் அவர் தனக்கும் மனைவிக்குமே செலவிட்டார் என்று அமெரிக்க நீதித் திணைக்களம் சொன்னது. 2021இல் அவருக்குப் பன்னிரண்டு வருடச் சிறை விதிக்கப்பட்டது. நமது கூட்டங்களில் நாம் பொறாமையோடு பேசும் 'அவர்களின் திறமை' சில வேளைகளில் இந்த இலட்சணத்தில்தான் இருந்திருக்கிறது.

குருனிக் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். தனது நான்காவது மாதிரி நடப்பதை விவரிப்பதல்ல, நடக்க வேண்டியதை வகுப்பது என்பது அவரது பதில். பிரிசில்லா மேர்பி 1991இல் விளையாட்டுக் கோட்பாட்டைக் கொண்டு, நடைமுறையில் எல்லோரும் சொந்த நலனையும் மற்றவர் நலனையும் கலந்தே ஆடுகிறார்கள் என்று காட்டியபின், 1995இல் குருனிக்கும் கூட்டாளிகளும் இரு தரப்பும் வெல்லும் ஒரு 'நடு வலயத்தை' வரைந்து மாதிரியைத் திருத்தினார்கள். நேர்மையான திருத்தம்தான். வியன்னாவில் ரோலண்ட் பூர்க்கார்ட் இன்னும் ஒரு படி போய், ஹேபர்மாஸின் தொடர்பாடற் செயல் கோட்பாட்டிலிருந்தே ஒரு பொதுசனத் தொடர்பு முறையை உருவாக்கினார். 1962இல் ஹேபர்மாஸ் பொதுவெளியின் சீரழிவுக்குச் சாட்சியாக நிறுத்திய அதே தொழிலுக்கு அவரிடமிருந்தே அத்திவாரம்! ஆனால் நடு வலயத்துக்கு மற்றத் தரப்பை வரவைப்பது எது என்ற கேள்விக்கு எந்தத் திருத்தத்திலும் பதில் இல்லை. 'நடக்க வேண்டியது' என்று சொல்லப்பட்ட ஒன்றை, 'நாங்கள் செய்வது இதுதான்' என்று ஒரு தொழில் தன் விளம்பர ஏட்டில் போட்டுக்கொள்ளும்போது, அந்த வேறுபாடு கோட்பாட்டாளரின் கையை விட்டுப் போய்விடுகிறது.

எனவே நமது இளைஞர்கள் இத்துறையைப் படிக்கக்கூடாதா என்று கேட்பார்கள். படிக்கட்டும். ஆனால் சமச்சீர் என்ற அந்த அளவுகோலை எடுத்தால் முதலில் நம்மீது வைத்துப் பார்க்கட்டும். தொண்ணூறுகளில் வீடுவீடாகக் கைமாறிய 'ஒளிவீச்சு' வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிரச்சாரத் திறமை நம்மிடம் குறைவாக இருக்கவில்லை. குறைவாக இருந்தது வேறு. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம் மக்கள் சில நாட்களுக்குள், யாழ்ப்பாண நகரிலோ சில மணி நேரத்துக்குள், வெளியேற்றப்பட்டார்கள். அதற்குப் பிறகு இதைப் பேச எழுந்தவர்களுக்கு நமது கூட்டங்களில் கிடைத்த பதில், 'இப்போது பேசினால் நமது பெயர் கெடும்' என்பதே. ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்வு நமக்கு ஒரு பொதுசனத் தொடர்புப் பிரச்சினையாகத் தெரிந்தது. 2002 ஏப்பிரலில் கிளிநொச்சியில், உலகப் பத்திரிகையாளர்களின் கமராக்களுக்கு முன், அன்ரன் பாலசிங்கம் அதற்கு வருத்தம் தெரிவித்தார். வரவேற்றோம். அது எந்த மாதிரியைச் சேர்ந்தது, இரண்டாவதா, மூன்றாவதா, நான்காவதா? குருனிக்கின் சொந்த அளவுகோலின்படி, நிறுவனம் தன் நடத்தையில் எதை மாற்றியது என்று பார்த்தால்தான் சொல்ல முடியும். காணி, வீடு, பள்ளிவாசல், திரும்பி வருவோருக்கான பாதுகாப்பு, வடக்கின் தீர்மானங்களில் அவர்களுக்கும் ஒரு குரல் என்று கேட்டுக்கொண்டிருந்த அந்த மக்களில் பெரும்பான்மையோர் அந்த மாநாட்டுக்குப் பின்னும் பல வருடங்கள் புத்தளத்து முகாம்களிலேயே இருந்தார்கள். 2009இல் போர் முடிந்தபோதும் அங்கேதான் இருந்தார்கள். அதற்குப் பின் திரும்பி வந்தவர்கள் காணி கேட்டு நின்றபோது, வடக்கில் அவர்களை எதிர்கொண்டவர்கள் நமது அதிகாரிகளும் நமது அயலவர்களும்.